பரணில் கிடந்த பேஸ் கிதாரும் இறங்கிப்போன சுருதியும்

எங்கள் மெல்லிசைக் குழு கடைசியாக மேடை ஏறிய காலத்தில் திண்டுக்கல் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் டி.ஜே. என்ற பேச்சே அவ்வளவாக இல்லை. அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம். டிரம்ஸ் வாசித்த மாப்பிள்ளை திருப்பூருக்குப் போனார், பாடகர் அண்ணன் ஜவுளி வியாபாரத்தில் இறங்கினார், நான் நூற்பாலையில் கணக்கு எழுதப் போனேன். இந்த வருஷம் மாசித் திருவிழாவுக்கு ஒரு ஊர்க் கமிட்டிக்காரர்கள், "அந்தப் பழைய செட்டே வரணும், ட்ராக் போட்டுப் பாடுறதெல்லாம் வேண்டாம்" என்று வந்து நின்றார்கள். முடியாது என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

இது பேஸ் கிதார், அதாவது பாட்டுக்கு அடியில் கனத்த ஸ்வரம் கொடுக்கும் நாலு கம்பிக் கிதார், வாசிப்பவனின் வேலைக் குறிப்பு. பல வருஷம் விட்டுவிட்டு மறுபடி மேடை ஏறப் போகிறவர்களுக்கு ஏதாவது ஒரு வரி உதவினாலும் நல்லது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிதாரும் விரலும் நான் பயந்த அளவுக்குப் படுத்தவில்லை. நேரத்தையெல்லாம் தின்றது சுருதிதான்.

பரணிலிருந்து இறக்கிப் பெட்டியைத் திறந்தால் பூஞ்சை வாடை. கம்பிகள் துருப்பிடித்து, விரலால் இழுத்தாலே கை பழுப்பாகியது. அவை நேராகக் குப்பைக்கு. கம்பி இல்லாத நேரத்திலேயே விரல் ஓடும் பலகையான ஃபிரெட்போர்டைச் சுத்தம் செய்துவிட வேண்டும், அப்புறம் அந்த வசதி கிடைக்காது. அதில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளை நிக்கல் சில்வர் என்று சொன்னாலும் அதில் பெரும்பங்கு செம்புதான். அதனால்தான் பழைய பித்தளைக் குடம் மாதிரி பச்சை பூத்திருந்தது. மிக நைசான ஸ்டீல் வுல் எடுத்து ஒவ்வொரு ஃபிரெட்டாகத் தேய்த்தேன். தேய்க்கும் முன், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளின் மேல் டேப் ஒட்டி மூடுவது முக்கியம். பிக்கப் என்பது காந்தம், இரும்புத் துகள் போய் ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது. காய்ந்துபோன கட்டைக்குக் கிதார் கடையில் கிடைக்கும் லெமன் ஆயில் இரண்டு சொட்டு போதும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைப் போடாதீர்கள், கொஞ்ச நாளில் சிக்குப் பிடித்து நாறும்.

அடுத்தது கழுத்து. பேஸின் நாலு கம்பிகளும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ அளவுக்கு இழுக்கின்றன. அந்த இழுவையிலேயே இத்தனை வருஷம் கிடந்ததில் கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது. புதுக் கம்பி போட்டுச் சுருதி சேர்த்தபின், முதல் ஃபிரெட்டை இடது கையாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டை வலது கையாலும் அழுத்திப் பிடித்தால் கம்பியே நேர்கோல் ஆகிவிடும். இப்போது ஏழாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்குக் கீழே எவ்வளவு சந்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 0.3 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் சரி, ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு போகும் அளவு. என்னுடையதில் மூன்று கார்டை அடுக்கி வைத்தாலும் ஆடியது.

கழுத்துக்குள்ளே ஓடும் இரும்புக் கம்பியை ட்ரஸ் ராடு என்பார்கள். ஆலன் கீ போட்டு வலச்சுழியாகத் திருப்பினால் அது இறுகி, கழுத்து பின்னால் நிமிரும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டுச் சுருதி சேர்த்து, ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் மறுபடி கார்டு வைத்துப் பார்க்கலாம். மரம் நம் அவசரத்துக்கு வராது. கீ இறுக்கமாக இருந்து திரும்ப மறுத்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். ராடு முறிந்தால் கிதாரின் விலையில் பாதி போய்விடும்.

கழுத்து நின்றபின் கம்பி உயரம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2 என்று வைத்தேன். அதற்கப்புறம்தான் சுரம் சரிபார்ப்பது. பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே ஃபிரெட்டை அழுத்தி வாசிக்கும் சுரமும் டியூனரில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் கம்பியின் அடிமுனை மாட்டியிருக்கும் பிரிட்ஜில் அதைத் தாங்கும் சாடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். இந்த வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டி வரும்.

வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம். உள்ளே தூசி. எலெக்ட்ரானிக் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்கி, குமிழின் அடியில் உள்ள சந்தில் ஒரு பீச்சு பீச்சி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பத்து இருபது தடவை திருகினேன். போயே போய்விட்டது. வயர் சொருகும் ஜாக் தளர்ந்திருந்தது. உள்ளே இருக்கும் நாக்கை லேசாக வளைத்துவிட்டு, ஆடிய ஒயரைப் புதிதாகச் சால்டர் செய்தேன். பத்து நிமிஷ வேலை.

விரல்களைப் பற்றி ரொம்பப் பேச ஒன்றும் இல்லை. தினமும் கொஞ்ச நேரம், கொப்புளம் வருவதற்கு முன் நிறுத்திவிட்டால் தோல் தானாகக் காய்த்துக்கொள்ளும். தோளும் முதுகும்தான் முனகின. அகலமான பட்டை வாங்கி மாட்டியதும் பாதி சரியாகிவிட்டது. இடது கைக்கு ஒரு வழி சொல்கிறேன். பேஸில் முதல் ஃபிரெட்டுக்கும் நாலாவது ஃபிரெட்டுக்கும் நடுவே 13 சென்டிமீட்டர் இருக்கும். ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று நீட்டி வைப்பது இருபது வயதுக் கைக்குச் சரி. நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸ்காரர்கள் கழுத்தின் தலைப்பக்கத்தில் ஆள்காட்டி, நடு, சுண்டு என்று மூன்றை வைத்தே ஓட்டுவார்கள். மோதிர விரல் சுண்டு விரலுக்கு முட்டுக் கொடுக்கும், கை இரண்டு பக்கமும் நகர்ந்துகொண்டே இருக்கும். நான் அதற்கு மாறிவிட்டேன். மணிக்கட்டு வலி நின்றது.

இனி சுருதி.

முதல் ரிகர்சலில் பழைய நோட்டைத் திறந்தோம். பாட்டுக்கு எதிரே ஒரு கட்டை, மூன்று கட்டை, நாலரை என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. கட்டை என்பது சுருதியின் அளவு: ஒன்று சி, இரண்டு டி, மூன்று இ, நாலு எஃப், ஐந்து ஜி. இதில் இ-க்கும் எஃப்-க்கும் நடுவே மட்டும் அரைக் கட்டைதான் இடைவெளி. நோட்டில் இருந்ததெல்லாம் ரெக்கார்டில் இருந்த அதே சுருதி. அண்ணன் இரண்டு பாட்டுப் பாடினார். சரணத்தில் மேலே போகும் இடத்தில் முகம் சிவந்தது. மூன்றாவது பாட்டில் நிறுத்திவிட்டு, "ஒரு கட்டை எறக்குங்கப்பா" என்றார். வயதானால் குரல் இறங்குவது இயல்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உச்சத்தில் கத்திப் பாடுவதைவிட, இறக்கிச் சுகமாகப் பாடுவதுதான் கேட்க நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி.

கீபோர்டு தம்பிக்கு இது ஒரு விஷயமே இல்லை. டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை அழுத்தினார், முடிந்தது. கை பழைய இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் கீழே வரும். பேஸ் கிதாரில் அந்தப் பட்டன் கிடையாது.

மூன்று கட்டைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆதார ஸ்வரம் என் கிதாரின் கடைசிக் கம்பி, இ. 41 ஹெர்ட்ஸ் சுற்று. திறந்த கம்பியைத் தட்டிவிட்டு மேலே இரண்டு விரல் போட்டால் பாட்டு தானாக ஓடும். அதை இரண்டு கட்டைக்கு இறக்கினால் ஆதார ஸ்வரம் டி. அது என் கிதாருக்குக் கீழே போய்விட்டது. என்ன செய்யலாம்? ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கலாம், ஆனால் பாட்டின் அடித்தளமே மெலிந்துவிடும். ஐந்து கம்பி பேஸ் வாங்கலாம், அதில் கீழே ஒரு பி கம்பி உண்டு. அதற்குப் பணமும் வேண்டும், அகலமான கழுத்துக்குக் கையைப் பழக்க மாதக்கணக்கும் வேண்டும். நாலு கம்பியையும் மொத்தமாக ஒரு கட்டை இறக்கிவிடலாம், அப்போது விரல் பழைய இடத்திலேயே ஓடும். ஆனால் கம்பி தொளதொளத்து ஃபிரெட்டில் அடிக்கும், தடித்த கம்பி போட்டுக் கழுத்து வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அதுவும் எல்லாப் பாட்டும் ஒரே அளவு இறங்கினால்தான் பயன். எங்கள் குழுவில் பாடும் தங்கச்சிக்குக் குரல் அப்படியே இருக்கிறது. அவருடைய தனிப் பாட்டுகள் இறங்கவில்லை. டூயட்டில் அண்ணனுக்கு ஒரு கட்டை இறக்கினால், அந்தப் பெண்ணுக்குப் பல்லவியின் தொடக்கமே கிணற்றுக்குள் போகிறது. கடைசியில் டூயட்டுகளை அரைக் கட்டை மட்டும் இறக்கினோம். இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சிரமம்.

நான் எடுத்த வழி, கடைசிக் கம்பியை மட்டும் இ-யிலிருந்து டி-க்கு இறக்குவது. மற்ற மூன்று கம்பிகளும் மாறாது, அந்த ஒன்றில் மட்டும் விரல் இரண்டு ஃபிரெட் தள்ளிப் போகும். அரைக் கட்டை இறங்கி டி ஷார்ப்புக்கு வந்த டூயட்டுகளும் இந்த ஏற்பாட்டிலேயே அடங்கிவிடும், முதல் ஃபிரெட்டில் விரல் வைத்தால் போதும். ஆனால் ஒரே கச்சேரியில் பாட்டுக்குப் பாட்டு ஏற்றி இறக்கினால் கம்பி நிலைகொள்ளாது, என் விரல் கணக்கும் குழம்பும். அதனால் டி தேவைப்படும் பாட்டுகளை ஒரே கொத்தாகச் சேர்த்து, கச்சேரியின் நடுப்பகுதியில் வைக்கச் சொன்னேன். தொகுத்துப் பேசும் நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "பாட்டு வரிசையை பேஸ் கிதாரா முடிவு பண்ணும்?" என்றார். ஆமாம், இந்தத் தடவை பேஸ் கிதார்தான் முடிவு பண்ணியது.

கட்டையைப் பற்றிப் பேசும்போது இன்னொரு சிக்கல் வந்தது. கீபோர்டு தம்பி தன் கை இருக்கும் இடத்தைப் பார்த்து "மூணு கட்டை" என்பார். காதில் விழுவது இரண்டு கட்டை. அதை நம்பி நான் இ-யைத் தட்டினால் அறையே அலறும். காதில் கேட்கும் சுருதியை மட்டும்தான் சொல்ல வேண்டும், கை எங்கே இருக்கிறது என்பது அவரவர் பாடு என்று ஒரு சட்டம் போட்டோம். பழைய நோட்டைத் தூக்கி வைத்துவிட்டு, எல்லாப் பாட்டுக்கும் புதுத் தாள் எழுதினேன். அதில் கட்டை, என் கடைசிக் கம்பி எதில் இருக்கிறது, எந்த இடத்தில் கட், அவ்வளவுதான்.

இவ்வளவு பாடு எதற்கு, கீபோர்டின் இடது கையில் பேஸ் போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வந்தது. பழைய பாட்டுகளில் சிலதுக்கு அது போதும். இளையராஜா பாட்டுகளுக்குப் போதாது. அவற்றில் பேஸ் கிதார் பாட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டாக நடக்கும். சசிதரன் வாசித்த அந்த வரிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் ரசிகர்கள் கிராமத்திலும் உண்டு. ஆதார ஸ்வரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் முன்வரிசையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ரிகர்சல்களில் பாதி நேரம் இந்தச் சுருதி மாற்றத்திலேயே போனது. தாளத்துக்குக் கொஞ்சம்தான் மிஞ்சியது. டிரம்ஸ் மாப்பிள்ளை இப்போது பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக் பேட் வைத்துக்கொள்கிறார், டோலக், கடம் சத்தமெல்லாம் அதிலிருந்தே வருகின்றன. எனக்கும் அவருக்கும் கண் ஜாடை திரும்பக் கொஞ்ச நாள் பிடித்தது. அவர் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் என் நோட்டும் ஒரே சமயத்தில் விழ வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நோட்டை எங்கே நிறுத்துவது என்பதும் அதே அளவு முக்கியம் என்பது, பழைய ரிகர்சல் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டபோதுதான் உறைத்தது. அவர் ஸ்னேர் அடிக்கும் இடத்தில் என் நோட்டை நறுக்கென்று நிறுத்தியதும் டப்பாங்குத்துப் பாட்டுகள் நிமிர்ந்தன.

மேடையில் அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்ள வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். எட்டு மீட்டர் தள்ளி நின்றால் இருபதுக்கு மேல் தாமதம். அந்தத் தாமதத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்போம்.

கச்சேரி அன்று மத்தியானமே போய்விட்டோம். மைக் செட்காரர்கள் ஜெனரேட்டரைக் கோவிலுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். நான் மேடையில் முதலில் எடுத்தது மல்டிமீட்டர். ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிதார் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் இரும்பு வலையிலும் வைத்தேன். நூறு வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. கிதாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் கோரஸ் பாடினால் உதட்டில் சுள்ளென்று அடிக்கும். லேப்டாப், கீபோர்டு, மிக்சர் என்று எல்லாவற்றின் பவர் சப்ளையிலும் சத்தத்தை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாதபோது அவை வழியாகப் பெட்டியின் இரும்பு உடல் 230-இல் பாதி வோல்ட்டில் மிதக்கும். பெரும்பாலும் சுள்ளென்பதோடு போய்விடும். உள்ளே வேறு கோளாறு இருந்தால் ஆளையே கொன்றுவிடும். 1972-இல் பிரிட்டனில் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு, அங்கேயே இறந்துபோனார். விஷயத்தைச் சொன்னதும் மைக் செட் தம்பிகள் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கம்பியைத் தரையில் அடித்து, தண்ணீர் ஊற்றி, ஜெனரேட்டரோடும் மேடை லைனின் எர்த்தோடும் சேர்த்துக் கட்டினார்கள். மறுபடி அளந்தேன். ஒரு வோல்ட் கூட இல்லை.

அப்புறம் ஹம், அதாவது ஸ்பீக்கரில் ஓயாமல் கேட்கும் ஊம் என்ற இரைச்சல். மூன்று விதமாகச் சோதித்தால் ஆளைப் பிடித்துவிடலாம். கிதாரோடு நீங்கள் உடம்பைத் திருப்பும்போது ஹம் கூடிக் குறைந்தால், அருகில் உள்ள டிரான்ஸ்பார்மரையோ லைட்டையோ பிக்கப் பிடிக்கிறது. என்னுடையதைப் போல இரண்டு பிக்கப் உள்ள பேஸில் இரண்டின் வால்யூமையும் முழுதாக வைத்தால் அவை ஒன்றையொன்று அடித்து அது அடங்கிவிடும். கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் கிதாருக்குள் ஷீல்டிங், அதாவது வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக மறைப்பு, போதவில்லை. திருப்பினாலும் தொட்டாலும் மாறாமல் ஊம் என்று நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இரண்டு வழியாகப் போய் வளையமாகிவிட்டது. எங்களுக்கு வந்தது கடைசி ரகம். என் ஆம்ப் மேடை லைனில், மிக்சர் மைதானத்தின் மறுகோடியில் வேறு லைனில். கிதார் சத்தத்தை மிக்சருக்கு அனுப்ப நடுவில் இருந்த டிஐ பாக்ஸில், சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளியதும் நின்றது. இதற்குப் பதிலாக மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடும் வழக்கம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஒரு வேடிக்கை: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸில் ஐந்து கட்டையின் ஆதார ஸ்வரம் 49. இரண்டும் சேர்ந்தால் விநாடிக்கு ஒரு தடவை அலையடிக்கும். ஹம்மை எடுக்காமல் ஐந்து கட்டைப் பாட்டை எடுத்திருந்தால் நான் சுருதி விலகி வாசிக்கிறேன் என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

ஏழு மணிக்குப் பிள்ளையார் பாட்டோடு ஆரம்பித்தோம். முன்பெல்லாம் திருவிழாக் கச்சேரி சாமி புறப்பாடு முடிந்து பத்து மணிக்குத் தொடங்கி, விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது முடியும். இப்போது 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்துக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம், ஆனால் எங்கள் கமிட்டியிடம் இருந்தது பத்து மணி வரைக்கான அனுமதிதான். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் வயதுக்கு இது வரப்பிரசாதம்.

முதல் இரண்டு பாட்டில் கை விறைப்பாகவே இருந்தது. மூன்றாவதில் சரியாகிவிட்டது. நடுப்பகுதி வந்ததும் தொகுப்பாளர் நன்கொடையாளர் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார், நான் கிதாரின் தலையில் மாட்டிய கிளிப் டியூனரைப் பார்த்து இ-யை டி-க்கு இறக்கினேன். கிளிப் டியூனர் மைக் இல்லாமல் அதிர்வை வைத்தே வேலை செய்வதால் கூட்டத்து இரைச்சல் அதைக் குழப்பாது. ஆனால் அடிக் கம்பியின் ஸ்வரத்தைப் பிடிக்கத் தடுமாறும், பன்னிரண்டாவது ஃபிரெட் ஹார்மோனிக்கை எழுப்பிக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்ளும். நன்கொடைப் பட்டியல் நீளமாக இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

எட்டரைக்கு மேல் சீட்டு வர ஆரம்பித்தது. பத்து ரூபாய் நோட்டில் சுற்றிப் பாட்டின் முதல் வரி எழுதிக் கொடுப்பார்கள். அதில் பாதி எம்.ஜி.ஆர். பாட்டுகள், எங்கள் பட்டியலிலேயே இல்லாதவை. அண்ணன் கீபோர்டு தம்பியைப் பார்த்து "ரெண்டு கட்டை" என்று சொல்லிவிட்டுத் தொடங்கிவிட்டார். காதில் கேட்கும் கட்டையைத்தான் சொன்னார். நானும் தாளைப் பார்க்காமல் டி-யில் விழுந்தேன். பத்து மணிக்குச் சரியாக மைக் செட்காரர் மெயினை அணைத்தார்.

மறுநாள் எழுதிவைத்த பாக்கி வேலைகள்: டி-க்கு இறக்கினால் கடைசிக் கம்பி கொஞ்சம் ஃபிரெட்டில் அடிக்கிறது, அதற்கு மட்டும் ஒரு சுற்று தடித்த கம்பி போட வேண்டும். கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டின் வெட்டில் தடித்த கம்பி உட்காராவிட்டால் அரத்தால் லேசாக அகலப்படுத்த வேண்டும். எம்.ஜி.ஆர். பாட்டுகளுக்குத் தாள் எழுத வேண்டும். அண்ணன் இன்னொரு பாட்டையும் அரைக் கட்டை இறக்கலாமா என்று போனில் கேட்டிருக்கிறார். அது நாலு கட்டைப் பாட்டு, இறங்கினால் மூன்றில், அதாவது இ-யில், வந்து நிற்கும். அப்போது எனக்குத் திறந்த இ வேண்டும். நடுக்கொத்தில் வைக்க முடியாது. தொகுப்பாளரிடம் இதை யார் சொல்வது என்பதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.